வீடியோவில் பாடம்: “புரிஞ்சிருச்சு” என்கிறான், பேப்பரில் ஒன்றும் இல்லை

கேள்வி – ஜூலை 6, சனி

பையன் பத்தாவது. ஸ்டேட் போர்டு, தமிழ் மீடியம். டியூஷன் வேண்டாம், யூடியூபிலேயே எல்லாம் இருக்கிறது என்று ஜூனிலிருந்து ஒரே பிடிவாதம். தினமும் ராத்திரி இரண்டு மணி நேரம் பார்க்கிறான். ரீல்ஸ் இல்லை, கேம் இல்லை, பாட வீடியோதான். நானே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். கேட்டால் “புரிஞ்சிருச்சும்மா”. இயக்க விதிகள் பாடத்தில் டெஸ்ட் வைத்தார்கள், 25க்கு 7.

சின்னவளுக்கு இரண்டு வயது முடியப்போகிறது. பாட்டு வீடியோ போட்டால்தான் சோறு இறங்குகிறது. “அதுவும் படிப்புதானே” என்கிறார் மாமியார். வீடியோ பார்த்து உண்மையிலேயே யாராவது எதையாவது படித்திருக்கிறீர்களா?

ஜூலை 6, இரவு 10.20

படித்திருக்கிறேன். படிக்க வைத்தும் இருக்கிறேன். தென்காசி பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன்.

பையன் பொய் சொல்லவில்லை. வீடியோ ஓடும்போது எல்லாமே புரியும். சொல்கிறவர் தடுமாறாமல் சொல்கிறார், அடுத்த வரி தானாக வந்து விழுகிறது, நமக்கும் அது முன்னாடியே தெரிந்த மாதிரி இருக்கிறது. நாளைக்கு ஒன்று செய்து பாருங்கள். ஒரு கணக்கு முடிந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதே கணக்கைத் தாளில் போடச் சொல்லுங்கள். வேறு கணக்கு வேண்டாம். அதே எண்கள், அதே கேள்வி.

என் வகுப்பில் இதைச் செய்வேன். 5 கிலோ நிறையுள்ள பொருள், உந்தம் 2.5, திசைவேகம் என்ன? ஸ்மார்ட் போர்டில் ஒருவர் அழகாகப் போட்டுக் காட்டி முடிப்பார். போர்டை அணைத்தவுடன் பாதிப் பேர் 12.5 என்று எழுதுவார்கள். வகுப்பதற்குப் பதில் பெருக்கிவிடுவார்கள். ஒரு நிமிஷம் முன்னால்தான் 0.5 என்று பார்த்திருப்பார்கள், தலையையும் ஆட்டியிருப்பார்கள்.

ஜூலை 6, இரவு 10.45

தூக்கம் வரவில்லை, ஒன்று சேர்த்துவிடுகிறேன். இது பையன்களுக்கு மட்டும் வரும் கோளாறு இல்லை. கார்டஸ், ஓ’பிரையன் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2018இல் பெரியவர்களை வைத்தே இதைச் சோதித்தார்கள். மேசை மேல் தட்டு, டம்ளர் எல்லாம் இருக்க, விரிப்பை மட்டும் வெடுக்கென்று உருவும் வித்தை வீடியோ. சிலருக்கு ஒரு தடவை, சிலருக்கு இருபது தடவை. நிறையப் பார்த்தவர்களுக்குத் தன்னாலும் முடியும் என்ற நம்பிக்கை ஏறிவிட்டது. அம்பு எறிதலில் நிஜமாகவே எறியச் சொல்லிப் பார்த்தார்கள். இருபது தடவை பார்த்தவர்கள் நம்பியதற்கும் எறிந்ததற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு தடவை பார்த்தவர்களை விட நன்றாகவும் எறியவில்லை.

இதில் எனக்குப் பிடித்தது கடைசிச் சோதனை. கட்டைகளை மேலே தூக்கிப்போட்டு மாற்றி மாற்றிப் பிடிக்கும் வித்தை. வீடியோ பார்த்தவர்கள் சிலர் கையில் அந்தக் கட்டையைச் சும்மா கொஞ்ச நேரம் கொடுத்தார்கள். தூக்கிப்போடக்கூட வேண்டாம், பிடித்துப் பார்த்தாலே போதும். கனம் தெரிந்ததும் நம்பிக்கை இறங்கிவிட்டது. பையன் கையில் பேனாவைக் கொடுங்கள் என்று நான் சொல்வது இதைத்தான்.

ஜூலை 7, காலை

மேலே கோவை நண்பர் ஒருவர் “படித்தால் 10 சதவீதம், கேட்டால் 20, பார்த்தால் 30, செய்தால் 90 நினைவில் நிற்கும்” என்ற படத்தைப் போட்டிருக்கிறார். எங்கள் பயிற்சி வகுப்புகளிலும் இதே பிரமிடு வரும், சாயங்கால டீயோடு. இதற்கு மூலம் என்று சொல்வது எட்கர் டேல் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1946இல் வரைந்த கூம்புப் படத்தை. அதில் ஒரு சதவீதக் கணக்கும் கிடையாது. எண்களெல்லாம் பிற்பாடு யாரோ ஒட்டியவை. எல்லாம் பத்து பத்தாக வட்ட எண்ணாக வரும்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். செய்து பார்ப்பது நல்லது என்பதில் எனக்கு மறுப்பில்லை. அதற்கு இந்தப் படம் சாட்சி சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

ஜூலை 7, மதியம்

“திரும்பத் திரும்பப் பார்த்தால் பதிந்துவிடும்” என்று இருவர் எழுதியிருக்கிறீர்கள். ராடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் 2006இல் செய்ததைச் சொல்கிறேன். அது வீடியோ இல்லை, உரைப்பகுதி. ஒரு கூட்டம் படித்துவிட்டு மறுபடியும் படித்தது. இன்னொரு கூட்டம் படித்துவிட்டு, மூடிவைத்து, ஞாபகம் உள்ளதை எழுதியது. ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது இரண்டு தடவை படித்தவர்களே முன்னால்: அவர்களுக்கு 81 சதவீதம் ஞாபகம் இருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்து அப்படியே தலைகீழ்: படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56.

பரீட்சைக்கு முந்தின ராத்திரி மாரத்தான் வீடியோ போடுகிறவர்கள் பிழைப்பது அந்த ஐந்து நிமிஷக் கணக்கில்தான்.

வீடியோவை வைத்தே 2013இல் ஒரு சோதனை நடந்தது. இருபத்தோரு நிமிஷப் புள்ளியியல் பாடம், நான்கு துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் நடுவே சின்னக் கேள்வித்தாள் வைத்தவர்களுக்கு மனம் அலைபாய்வது பாதியாகக் குறைந்தது, குறிப்பும் அதிகமாக எடுத்தார்கள். துண்டு போட்டதால் மட்டும் அல்ல. பாடத்திலிருந்து கேள்வி வைக்காமல் நிறுத்தியவர்களுக்கு அந்தப் பலன் வரவில்லை. ஆகவே நேற்று நான் சொன்ன “போனைக் கவிழ்த்து வை” மட்டும் போதாது. கவிழ்த்து வைத்த பிறகு அவனை எதாவது கேட்க வேண்டும்.

ஜூலை 7, இரவு

கேட்டவருக்கு: பையன் தவறவிட்டது எந்தக் கேள்வியில் என்று எழுதியிருந்தீர்கள், “மேலே எறிந்த பந்து உச்சியில் நிற்கும் நொடியில் அதன் மேல் செயல்படும் விசை என்ன” என்று. அவன் “விசை சுழியம்” என்று எழுதியிருக்கிறான்.

எத்தனை வீடியோ பார்த்தாலும் இந்த விடை இப்படித்தான் வரும், ஏனென்றால் இது அவனுக்குத் தெரியாத விஷயம் இல்லை. அவனுக்கு ஒரு விடை ஏற்கெனவே தெரியும். கை கொடுத்த விசை பந்தோடு மேலே போகிறது, போகப்போகத் தீர்கிறது, உச்சியில் சரியாகத் தீர்ந்துவிடுகிறது, அப்புறம் ஈர்ப்பு இழுக்கிறது. கேட்க எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது பாருங்கள்! வீடியோவில் ஐயா “ஈர்ப்பு விசை எப்போதும் கீழ்நோக்கிச் செயல்படும்” என்று சொல்லும்போது, ஆமாம் நான் நினைத்ததுதான் என்று அதையும் தன் கதைக்குள் சேர்த்துக்கொண்டு மேலே போய்விடுகிறான்.

டெரிக் முல்லர் என்பவர் (யூடியூபில் வெரிடாசியம் என்ற அறிவியல் சேனல் நடத்துகிறவர்தான்) சிட்னி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது இதே விஷயம். தெளிவான, சுருக்கமான இயற்பியல் வீடியோவைக் காட்டினார். மாணவர்கள் “தெளிவாக இருந்தது, எளிதாகப் புரிந்தது” என்றார்கள். முன்னும் பின்னும் வைத்த தேர்வில் மதிப்பெண் அநேகமாக அசையவில்லை. அப்புறம் வேறொரு வீடியோ. அதில் இரண்டு பேர் பேசுவார்கள், ஒருவர் நம் பையன் சொல்லும் தவறான விடையையே சொல்வார், மற்றவர் கேள்வி கேட்டுக் கேட்டு அதைக் கழற்றுவார். பார்த்தவர்கள் “குழப்பமாக இருந்தது” என்றார்கள். மதிப்பெண் ஏறியது இவர்களுக்குத்தான்.

ஆகவே வீடியோ போடும் முன்னால் அவனிடம் ஒரு படம் வரையச் சொல்லுங்கள். பந்து மேலே போகும்போது, உச்சியில், கீழே வரும்போது என்று மூன்று வட்டம். ஒவ்வொன்றிலும் விசைக்கு அம்புக்குறி. (காற்றின் தடையை விட்டுவிடலாம்.) மூன்றிலும் ஒரே நீளத்தில் கீழ்நோக்கிய அம்பு மட்டும் இருக்க வேண்டும், வேறொன்றும் இருக்கக்கூடாது. தன் கையால் மேல்நோக்கி ஓர் அம்பு வரைந்துவிட்டு அப்புறம் வீடியோ பார்க்கிறவன் அந்த இடம் வரும்போது துள்ளி எழுவான்.

ஜூலை 8

2x வேகத்தில் பார்க்கலாமா என்று கல்லூரித் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். பார்க்கலாம். கலிபோர்னியாவில் 2021இல் சோதித்திருக்கிறார்கள், இரட்டை வேகம் வரை பெரிய இழப்பு இல்லை, அதற்கு மேல் போனால் விழுகிறது. ஆனால் நம் ஊர் டி.என்.பி.எஸ்.சி. சேனல்களில் சிலர் இயல்பாகவே 2xஇல்தான் பேசுகிறார்கள். அவர்களை மறுபடி 2xஇல் போட்டால் பட்டாசுக் கட்டைக் கொளுத்திய மாதிரி இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 8, சற்று கழித்து

“ஆறு நிமிஷத்துக்கு மேல் யாரும் பார்ப்பதில்லை, அதனால் பாடமே ஆறு நிமிஷம் போதும்” என்று சொன்னவருக்கு. அந்த ஆறு நிமிஷம் 2014இல் எடெக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தின் 69 லட்சம் பார்வைகளை அலசியதில் வந்தது. பார்த்த நேரப்படி ஆட்களை வரிசையில் நிறுத்தினால், வீடியோ எவ்வளவு நீளமானாலும் வரிசையின் நடுவில் வருகிறவர் ஆறு நிமிஷத்துக்குள் போய்விடுகிறார். எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கான கணக்கு அது, எவ்வளவு கற்றார்கள் என்பதற்கு இல்லை. அதே ஆய்வில் வேறொன்று எனக்குப் பிடித்தது. வெறும் ஸ்லைடு காட்டியவற்றை விட, கையால் எழுதிக்கொண்டே பேசிய வீடியோக்களில் ஆட்கள் அதிக நேரம் நின்றார்கள். பெரிய ஸ்டூடியோவில் எடுத்தவற்றை விடச் சாதாரணமாக எடுத்தவையே ஆட்களைப் பிடித்து வைக்கலாம் என்றும் வந்தது. காசு மிச்சம்.

ஜூலை 9

சின்னவள் விஷயத்துக்கு வராமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன், மாமியார் இந்தப் பக்கத்தைப் படித்துவிடுவாரோ என்று பயம்.

இரண்டு வயது வரை, சில விஷயங்களில் மூன்று வரைகூட, நேரில் ஒருவர் செய்து காட்டினால் பிள்ளை கற்றுக்கொள்வது அதிகம், அதே ஆள் அதையே திரையில் செய்தால் குறைவு. பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கும் விஷயம் இது. 2010இல் ஜூடி டெலோச் குழு ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைகள் வீட்டுக்கு, சொல் கற்றுத்தரும் என்று விற்ற டிவிடியைக் கொடுத்து ஒரு மாதம் பார்க்க வைத்தது. பார்க்காத பிள்ளைகளை விட ஒரு சொல்லும் கூடுதலாக வரவில்லை. டிவிடி இல்லாமல் “இந்தச் சொற்களைப் பிள்ளையிடம் அவ்வப்போது பேசுங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்ட வீட்டுப் பிள்ளைகள்தான் முன்னால். இன்னொன்றும் உண்டு: டிவிடியை ரொம்பப் பிடித்த பெற்றோர்கள்தான் பிள்ளை நிறையக் கற்றுவிட்டது என்று நம்பினார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது: ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது.

சோறு இறங்குவது தனிப் பிரச்சினை. அதைப் படிப்புக் கணக்கில் எழுதாதீர்கள், அவ்வளவே. எங்கள் வீட்டிலும் போனைக் காட்டி ஊட்டியிருக்கிறோம், ஊரில் யார் வீட்டில் ஊட்டவில்லை?

ஜூலை 9, இரவு

வந்துவிட்டது மறுப்பு. “என் மகள் நிறம், எண் எல்லாம் பாட்டு வீடியோவில்தான் கற்றாள்.” வயது நாலு என்று கீழே எழுதியிருக்கிறீர்கள் சகோதரி. நாலு வயதில் கற்கலாம், நன்றாகவே கற்கலாம், வீடியோ அதற்கென்று செய்யப்பட்டிருந்தால்.

1969 நவம்பரில் தொடங்கிய செசமி ஸ்ட்ரீட் என்ற அமெரிக்கக் குழந்தைகள் டிவி நிகழ்ச்சி இதற்குத் தனியாக ஆராய்ச்சிக் குழு வைத்திருந்தது. எட்வர்ட் பால்மர் என்பவர் செய்த வேலை எனக்கு இன்றும் ஆச்சரியம். நிகழ்ச்சி ஓடும் டிவிக்குப் பக்கத்திலேயே இன்னொரு திரையில் ஏழரை நொடிக்கு ஒரு வேடிக்கைப் படம் மாறிக்கொண்டே இருக்கும். பிள்ளையின் கண் எப்போது டிவியை விட்டு அந்தப் பக்கம் போகிறது என்று ஒருவர் உட்கார்ந்து குறிப்பார். கண் போன இடத்தையெல்லாம் திருத்தி எடுத்தார்கள். 1996இல் வந்த புளூஸ் குளூஸ் என்ற இன்னொரு நிகழ்ச்சி வேறு வழியில் போனது. ஒரே எபிசோடை வாரம் ஐந்து நாளும் போட்டார்கள். நடிகர் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகத் திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பார். முதல் நாள் வாய் திறக்காத பிள்ளைகள் போகப்போகப் பதிலைக் கத்தத் தொடங்கினார்கள்.

இப்போது வரும் பாட்டு வீடியோக்களில் அந்த நிற்கும் இடம்தான் இல்லை. ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடுகிறது.

திரும்பப் பார்ப்பது வீண் என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னேன், நாலு வயசுக்கு மட்டும் அதைத் தள்ளுபடி செய்துவிடுங்கள்.

ஜூலை 11

“கொரோனாவில் இவ்வளவு வீடியோ போட்டீர்களே, பிள்ளைகள் ஏன் ஒன்றும் கற்கவில்லை” என்று ஒருவர் குத்தலாகக் கேட்டிருக்கிறார். கேட்கட்டும், நானும் போட்டவன்தான்.

வீட்டு மாடி அறையில் இரண்டு நாற்காலி, நடுவில் ஒரு துணிக்கொடிக் கம்பி, அதில் போனைக் கவிழ்த்துக் கட்டி, கீழே நோட்டு. கை எழுதுவது மட்டும் தெரியும். மின்விசிறியை நிறுத்தினால்தான் குரல் கேட்கும், நிறுத்தினால் வியர்வை நோட்டில் சொட்டும். நடுவில் கீரைக்காரம்மா குரல். எடுத்ததை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் நீல டிக் வரிசையாக வரும். மறுநாள் “சார் சூப்பர் சார்”.

யார் பார்த்தார்கள் என்று பிறகு விசாரித்தேன். பாதி வீட்டில் ஒரே போன். அப்பா வேலைக்கு எடுத்துப்போய்விடுவார், ராத்திரி எட்டுக்கு மேல் வரும், அதற்குள் டேட்டா தீர்ந்திருக்கும். பார்த்தவர்களும் என் கையெழுத்தைப் பார்த்து நோட்டில் அப்படியே வரைந்திருந்தார்கள். ஒரு பெண் மட்டும் நன்றாகப் போட்டிருந்தாள். விசாரித்தால், பன்னிரண்டாவது படிக்கும் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வீடியோவை நிறுத்தி நிறுத்தி “அடுத்து என்ன வரும் சொல்லு” என்று கேட்டிருக்கிறாள். சொல்லாவிட்டால் குட்டும் விழுமாம்.

ஜூலை 11, தொடர்ச்சி

கல்வி தொலைக்காட்சியை மறந்துவிட்டீர்களே என்று ஒருவர். மறக்கவில்லை. அது கொரோனாவுக்கு முன்பே, 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கியது. 2020 ஜூலையிலிருந்துதான் வகுப்புவாரியாக அட்டவணை போட்டுப் பாடம் ஓடியது. போன் இல்லாத வீட்டுக்கு அது பெரிய விஷயம், கேபிள் இருந்தால் போதும். குறை என்னவென்றால் நிறுத்த முடியாது. அரை நிமிஷம் கவனம் போனால் பாடம் போய்விடும்.

ஆனால் ஒரு நல்ல பக்கமும் பார்த்தேன். எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே பாடத்தைப் பார்த்ததால், முடிந்ததும் தெருவில் நாலு பிள்ளைகள் சேர்ந்து அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். யூடியூபில் ஆளுக்கு ஒரு சேனல், ஆளுக்கு ஒரு நேரம், யாரிடம் பேச?

ஜூலை 12

யாரோ “இதெல்லாம் ஜியோ வந்த பிறகு வந்த மோகம்” என்று எழுதியிருக்கிறார்கள். இல்லை ஐயா. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை இரவல் வாங்கி, இஸ்ரோ ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குப் பாடம் ஒளிபரப்பியது. சைட் என்று பெயர். கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பிவலையில் செய்த மூன்று மீட்டர் ஆண்டெனா, ஊருக்கு ஒரு டிவி. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, சாயங்காலம் பெரியவர்களுக்கு விவசாயம், சுகாதாரம். பக்கத்தில் ஆந்திரா, கர்நாடகம் இரண்டும் அந்தப் பட்டியலில் இருந்தன, தமிழ்நாடு இல்லை. 1984 ஆகஸ்டில் யுஜிசியின் நாடு தழுவிய வகுப்பறை தூர்தர்ஷனில் வந்தது. மதியம் வேறு எதுவும் ஓடாததால் நானே தவளையை அறுத்துக் காட்டுவதையெல்லாம் வாயைப் பிளந்து பார்த்திருக்கிறேன். ஆங்கிலம் ஒரு வார்த்தை புரியாது.

ஜூலை 13

பெரியவர்கள் கதையை யாரும் எடுக்கவில்லை. எங்கள் மதினி பிளவுஸ் தைக்கக் கற்றது முழுக்க வீடியோவில். நான் இத்தனை நாள் வீடியோவைக் குறை சொல்லிக்கொண்டிருக்க, அவள் தெருவில் பாதிப் பேருக்குத் தைத்துக் கொடுக்கிறாள்.

எப்படிக் கற்றாள் என்று உட்கார்ந்து பார்த்தேன். போன் தையல் மெஷின் மேல் நூல்கண்டில் சாய்ந்து நிற்கும். இரண்டு கையிலும் துணி, சாக்பீஸ். “அக்குள் வளைவுக்கு இங்கே கால் இஞ்சு உள்ளே வாங்க” என்று அந்த அம்மா சொன்ன உடனே முழங்கையால் திரையைத் தட்டி நிறுத்துவாள். சில சமயம் தட்டு வேறெங்கோ பட்டு விளம்பரம் திறந்துகொள்ளும், திட்டு விழும். நிறுத்தி, கோடு போட்டு, மறுபடி பின்னால் தள்ளி, அந்த அம்மா போட்ட வளைவும் தன் வளைவும் ஒன்றா என்று பார்த்து, பிறகுதான் கத்தரி. முதலில் பழைய புடவையில், அப்புறம் லைனிங் துணியில்.

அவளுக்கு யாரும் கேள்வி வைக்கவில்லை. துணியே வைத்தது. போட்டுப் பார்த்தால் கை தூக்க வரவில்லை, அக்குளில் இழுக்கிறது. தப்பு எங்கே என்று உடம்பிலேயே தெரிகிறது. உடனே வீடியோவில் அந்த ஓர் இடத்துக்குப் போகிறாள், முழுதும் பார்ப்பதில்லை.

இதை யோசித்த பிறகு, நிறுத்துவது, கேள்வி கேட்பது என்று நான் அடுக்கியதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துச் சொல்லலாம் போலிருக்கிறது: பார்க்கிறவருக்குத் தான் தப்பு என்று எங்கிருந்தாவது தெரிய வேண்டும். பிளவுஸ் இழுத்தால் தெரியும். குழம்பு உறைத்தால் தெரியும். கணக்குக்குப் புத்தகத்தின் பின்னால் விடை இருக்கிறது. உச்சியில் நிற்கும் பந்து மட்டும், அதன் மேல் விசை இல்லை என்று நாம் நினைத்தாலும் அதுபாட்டுக்குக் கீழே வந்துவிடும், நம்மிடம் ஒன்றும் சொல்லாது. அதற்குத்தான் ஆள் வேண்டியிருக்கிறது. அல்லது முல்லர் செய்த மாதிரி, நம் தப்பைத் திரையிலேயே ஒருவர் பேச வேண்டும்.

ஜூலை 13, மாலை

விவசாய வீடியோ பற்றிக் கேட்டவருக்கு: 2006இல் பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவில் ரிக்கின் காந்தி தொடங்கிய டிஜிட்டல் கிரீன் திட்டத்தைத் தேடிப் படியுங்கள். நிபுணரைப் பேச வைக்காமல் அந்த வட்டார விவசாயியையே வயலில் நிறுத்தி எடுத்தார்கள். ஊர்க்காரர் ஒருவர் கூட்டம் சேர்த்துப் போட்டுக் காட்டி, நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்பார். பார்ப்பவர்கள் முதலில் கேட்டது விதையைப் பற்றியோ உரத்தைப் பற்றியோ இல்லையாம். “அவர் பேர் என்ன, எந்த ஊர்?” நம் ஊராக இருந்தாலும் அதுதான் முதல் கேள்வி. எந்த மண், எந்தத் தண்ணீர் என்று தெரிந்தால்தானே நம்மால் முடியுமா என்று பார்க்க முடியும்.

ஜூலை 15

“என்பிடெல் ஒரு மணி நேர வகுப்புதானே, அதை மட்டும் எப்படிப் படிக்கிறார்கள்” என்ற கேள்வி நியாயம். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003இல் தொடங்கிய இணையப் பாடத் திட்டம் அது. பழைய பாடங்கள் பலவற்றில் கேமரா அசையாமல் நிற்கும், பேராசிரியர் பலகையில் எழுதிக்கொண்டே போவார், மெதுவாக. அழகுக்குச் சுழியம் மதிப்பெண். ஆனால் சான்றிதழுக்குப் பதிந்தால் வாராவாரம் அசைன்மென்ட், கெடு தேதி, கடைசியில் மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வு. பதியாமல் சும்மா பார்க்கத் தொடங்கிய என் மைத்துனன் மூன்றாவது வகுப்பில் தூங்கிவிட்டான். அடுத்த பருவத்தில் பணம் கட்டிப் பதிந்தான், முடித்தான். ஆயிரம் ரூபாய் கட்டிவிட்டோமே என்பதும் ஒரு வாத்தியார்தான் போல.

ஜூலை 19

கேட்டவர் திரும்பி வந்து எழுதியிருக்கிறார். மூன்று வட்டம் வரையச் சொன்னாராம். பையன் மேலே போகும் பந்துக்கு மேல்நோக்கி ஓர் அம்பு போட்டானாம், உச்சியில் ஒன்றும் போடவில்லையாம். வீடியோவில் அந்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டு “இவர் தப்பாச் சொல்றாரும்மா” என்றானாம்!

அருமை. திருத்தாதீர்கள். சண்டை போடட்டும். “உச்சியில் விசையே இல்லையென்றால் பந்து ஏன் அங்கேயே நிற்கவில்லை” என்று மட்டும் கேட்டுவிட்டு நீங்கள் அடுப்பங்கரைக்குப் போய்விடுங்கள். டியூஷன் வேண்டுமா என்பதை காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு முடிவு செய்யலாம். வேதியியலுக்கு எனக்கும் சந்தேகம்தான், சமன்பாடு சமன்செய்வதில் தப்பைக் காட்ட ஆள் பக்கத்தில் இருந்தால் நல்லது.

சின்னவள் பற்றி ஒன்றும் எழுதவில்லை நீங்கள். மாமியார் ஜெயித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஜூலை 21

எந்தச் சேனல் பார்க்கலாம் என்று பலர். பட்டியல் போட எனக்கு இஷ்டமில்லை, போட்டால் அடுத்த வாரம் அது ஆப் விற்கத் தொடங்கிவிடும். ஒன்றே ஒன்று சொல்கிறேன்: அரவிந்த் குப்தா. ஐஐடி கான்பூரில் படித்தவர், பூனாவில் குப்பையிலிருந்து பொம்மை செய்து காட்டியே காலம் கழித்தவர், 2018இல் பத்மஸ்ரீ. ஒன்றிரண்டு நிமிஷத்தில் முடியும் குட்டிப் படங்கள், இலவசம். பார்த்துவிட்டு உட்கார்ந்திருக்க முடியாது, உறிஞ்சுகுழலையும் கத்தரியையும் தேட வைத்துவிடும். செய்தது ஓடாவிட்டால் தப்பு என்று அதுவே சொல்லிவிடும்.

தீக்குச்சியும் சைக்கிள் வால்வ் டியூபும் வைத்துச் செய்யும் வடிவங்கள் அவர் எழுபதுகளின் கடைசியில் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் அறிவியல் திட்டத்தில் இருந்தபோது தொடங்கியவை. ஆறாம் வகுப்பில் செய்ய வைத்தேன். முக்கோணம் அசையாமல் நிற்கும், சதுரம் தள்ளினால் சாயும். சதுரத்தை நிற்க வைக்க என்ன செய்யலாம் என்று கேட்டால் குறுக்கே ஒரு குச்சி என்று அவர்களே சொல்கிறார்கள். அப்போது இரண்டு முக்கோணம் கிடைக்கிறது.

ஜூலை 22

வால்வ் டியூப் எங்கே கிடைக்கும் என்று தனிச்செய்தியில் நிறையப் பேர். புது சைக்கிள் பலவற்றில் வேறு வகை வால்வ் வந்துவிட்டதால் பெரிய கடைகளில் “அதெல்லாம் இப்ப யாரு சார் வாங்குறா” என்பார்கள். பழைய சைக்கிள் மெக்கானிக்கிடம் கேளுங்கள், கறுப்பாக, மெல்லிசாக, சுருளாக இருக்கும், வெட்டித் தருவார். பையன் கையில் தீக்குச்சி கொடுக்கும் முன் மருந்தைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். சதுரத்துக்கு மூலையில் ஒரு துண்டு டியூப் போதும், கனசதுரம் செய்ய மூன்று குச்சி சேரும் இணைப்பு வேண்டும். அதற்கு ஒரு டியூபின் நடுவில் முள்ளால் குத்தித் துளை போட்டு இன்னொரு குச்சியைச் செருக வேண்டும். சேஃப்டி பின் வளைந்துவிடுகிறது. எங்கள் பள்ளியில் கருவேல முள்.